வெட்டுப்படாத முகம்

"ஏம்மா, காயிதத்த வெட்டவே இம்புட்டுத் தயங்குனா, நீங்க தையல் கத்துக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?" என்று ஜெயசுதா டீச்சர் ஒருநாள் கேட்டார். சீனித்தாயம்மாள் கையிலிருந்த தாளை மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

சிவகாசியில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிப் பிழைத்தவர் அவர். விடியலில் மாரியம்மன் கோயில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகுதான் வேலைக்கு உட்காருவார். கணவர் பட்டாசு ஆலைத் தீயில் இறந்தார். தீட்டுக் கழிந்த மறுநாளே விளக்குமாற்றோடு கோயில் வாசலுக்கு வந்துவிட்டார். அம்மனை நொந்து ஒரு சொல் சொன்னதில்லை.

மகள் பாண்டிச்செல்வி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே ஆலைக்குப் போகத் தொடங்கினாள். அவளை அங்கிருந்து மீட்கத்தான் சீனித்தாயம்மாள் ஏழைப் பெண்களுக்கான தையல் பயிற்சியில் சேர்ந்தார். தேர்வில் தேறியவர்களுக்கு இலவசமாகத் தையல் மெஷின் கொடுப்பார்கள்.

அங்கே துணி வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பழக வேண்டும். அதற்கு அச்சகத்தில் கழித்த காலண்டர் தாள்கள் வரும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாமி படம். மற்றவர்கள் வெள்ளைப் பக்கத்தில் கோடு போட்டு வெட்டினார்கள். இவரோ தாளைத் திருப்பிப் பார்ப்பார். சாமியின் முகம் வெட்டுப்படாமல் கோட்டைத் தள்ளிப் போடுவார். அளவு கெட்டுப்போகும்.

"யக்கா, ஒங்க ஜாக்கெட்டுல ஆத்தாவுக்கு எடமிருக்கு. கை நொழைக்கத்தான் எடமில்ல!" என்றாள் பக்கத்தில் இருந்த குருவம்மாள். வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

தேர்வன்று அவருக்கு வந்த தாள் முழுவதும் மாரியம்மனின் முகம்.

"வேற தாள் தாங்க டீச்சர்."

"ஆளுக்கு ஒண்ணுதாம்மா. திருப்பிப் பாக்காம வெட்டுங்க."

மகளை நினைத்துக்கொண்டு கத்தரியை விரித்தார். கழுத்துக்குப் போட்ட கோடு மறுபக்கத்தில் அம்மனின் கண்களுக்குக் குறுக்கே போனது. விரித்த கத்தரியை மூடி வைத்துவிட்டார். சான்றிதழ் இல்லை. மெஷினும் இல்லை.

"காயிதம்தானம்மா அது?" என்று மகள் கேட்டாள்.

"காயிதத்துலயும் கண்ணு தொறந்திருந்துச்சு, தாயி."

"நான் தெனமும் எங்க போறேன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"



வெள்ளிக்கிழமை காலை வாசலைக் கூட்டிவிட்டு, எதுவும் கேட்கத் தோன்றாமல் அம்மன் எதிரே நின்றார். அம்மனின் வலத் தோளிலிருந்து ஒரு செவ்வரளி விழுந்தது. பூசாரி அதை இரு கைகளிலும் ஏந்தி வந்தார்.

"இந்தப் பூவுக்காக எத்தன பேரு தவங்கெடக்காக! நீ கேக்காமலே ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, தாயி."

முந்தானையில் வாங்கிக்கொண்டு அழுதார். பிழைப்பு போனாலும் அம்மனின் முகத்தில் இரும்பு படவிடாத அந்த அன்பை அம்மன் அறிந்தாள். அதைவிடப் பெரிய பேறு அடியார்க்கு ஏது?

வீட்டில் பாண்டிச்செல்வி புறப்பட்டு நின்றாள். தாய் அந்தப் பூவை அவள் தலையில் வைத்தார். உரசினால் தீப்பொறி கிளம்பும் என்று ஆலைக்குள் கொண்டை ஊசி கூடாது. ஊசியில்லாத கூந்தலில் பூ நிற்காமல் நழுவியது. அவள் அதை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள். தெருமுனையில் ஆலை வேன் ஒலி எழுப்பியது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.