வடிவு உட்கார்ந்த நாற்காலி

எங்கள் மடத்துச் சாமி முன்னே பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்பவும் வாசலில் யாராவது தயங்கி நின்றால், "உள்ளே வாங்க, உள்ளே வாங்க, வழியில நிக்காதீங்க" என்பார். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குற்றாலம் போகிற பாதையில் இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு அடுப்பு. அடுப்பு என் பொறுப்பு; மடத்தில் சமைக்கிற ஆளைத் தவசிப்பிள்ளை என்பார்கள்.

அன்று காலை நல்லசிவம் வந்து வாசலிலேயே நின்றார். ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர். சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று வருஷமாகச் சாமியிடம் தியானம் கற்றவர். அவர் மனைவி வடிவு இறந்துபோய் அன்றைக்கு இருபதாவது நாள். சாமி "உள்ளே வாங்க" சொல்லவில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகட்டுமா என்று பார்த்தேன்.

"தவசிப்பிள்ளையும் இருக்கட்டும் சாமி" என்றார் நல்லசிவம். "இனிமே எனக்கென்ன மானம்."

"சொல்லுங்க."

"ஊர்ல எல்லாரும் என்ன சொல்லுதாங்க தெரியுமா? புருஷன் உள்ளே தியானத்துல இருக்கும்போது, கதவுக்கு வெளியே காவல் இருந்து, உக்காந்தபடியே போய்ச் சேர்ந்தாளாம். இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும்னு கேக்குதாங்க. என் மக சங்கரியும் வந்தவங்ககிட்டெல்லாம் அதையேதான் சொல்லுதா."

"ம்."

"நான் தியானத்துல இல்ல சாமி."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ல ரூலெட் ஆடிக்கிட்டு இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. சாமிக்கும்தான். அவரே விளக்கினார். போனில் ஒரு சக்கரம் சுற்றுமாம். அதில் வெள்ளைக் குண்டு ஒன்று ஓடுமாம். எந்த எண்ணில் போய் விழும் என்று பணம் வைக்க வேண்டுமாம். விளக்கு வைத்ததும் தியான அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம். ஒன்றரை வருஷமாக.

"அந்த நேரத்துல வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. வடிவு மிக்ஸி போட மாட்டா. குக்கர் வைக்க மாட்டா. கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிடுவா. ஆனா யாராச்சும் வீட்டுக்கு வந்துட்டாப் போதும், டிவியைச் சத்தமா வச்சிருவா. கூறு கெட்டவளேன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன். பெரிய ஞானி மாதிரி வெளிய வந்து திட்டுவேன்."

"அன்னைக்கு என்ன நடந்தது?"

"கதவுல ஒரு தட்டு கேட்டுது. ஒரே ஒரு தட்டு. குண்டு ஓடிக்கிட்டு இருந்தது. அது நிக்கட்டும், போய்ப் பார்ப்போம்னு இருந்தேன். நின்னுது. நின்னதும் அடுத்ததுக்கு வச்சுட்டேன் சாமி."

எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. பொய் சொல்லி என்ன. வடிவு மடத்துக்கு வரும்போதெல்லாம் நேரே அடுப்படிக்குத்தான் வருவார். தேங்காய் துருவித் தருவார். உப்புப் போட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்பார்.

"நெஞ்சுவலியாம். ஒரு அரை மணி முன்னால கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."



"அவர் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டாதீங்கம்மான்னு அவங்ககிட்ட சொன்னது நான்தான்" என்றார் சாமி. அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

நல்லசிவம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சங்கரிகிட்ட உண்மையைச் சொல்லணுமா வேண்டாமா? அதைக் கேக்கத்தான் வந்தேன். சொல்லிட்டா அவ என் முகத்துல முழிக்க மாட்டா. எனக்கு இனி இருக்கது அவ ஒருத்திதான். அம்மாவும் போயாச்சு, அப்பன் நல்லவன்னு ஒரு நினைப்பாவது அவளுக்கு மிஞ்சட்டும்னும் தோணுது."

"இப்பவும் ஆடுதீங்களா?"

நல்லசிவத்தின் கை போன் இருந்த சட்டைப்பைக்குப் போனது.

"ஆடுதேன்."

"அப்போ சங்கரி எங்க இருப்பா?"

"அவ அம்மா உக்காந்த நாற்காலியிலதான். வேலை விட்டு வந்ததும் அங்கதான் உக்காருதா."

சாமி எழுந்து தன் அறைக் கதவைத் திறந்தார்.

"உள்ளே போங்க. வீட்டுல எப்படிச் சாத்துவீங்களோ அப்படிச் சாத்துங்க. வீட்டுல எப்படி ஆடுவீங்களோ அப்படி ஆடுங்க. நாலு சுத்து. நாலு முடிஞ்சதும் வெளிய வாங்க."

"மடத்துலயா சாமி?"

"போங்க."

போனார். தாழ்ப்பாள் விழுந்தது. சாமி ஒரு முக்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. எவர்சில்வர் தட்டில் கொண்டைக்கடலை ஒன்று உருளுகிற மாதிரி சன்னமான சத்தம். வேகம் குறைந்தது, இரண்டு தட்டுத் தட்டியது, நின்றது. உள்ளே அவர் "ச்சே" என்றார். மறுபடி உருண்டது. சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் எண்ணினேன். நாலு ஆனது. ஐந்து ஆனது. பதினொன்றாவது நின்ற பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

நாங்கள் கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நல்லசிவம் திகைத்துப்போனார்.

"வெளிய கேட்டுதா?"

"கேட்டுது."

"நல்லாக் குறைச்சுத்தான் வச்சிருந்தேன் சாமி. சத்தமே இல்லாம ஆடினா குண்டு ஓடுத மாதிரியே இருக்காது. வீட்டுலயும் இவ்வளவுதான் வைப்பேன்."

"இவ்வளவுதான் கேட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க ச்சேன்னதும் கேட்டுது" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ வடிவுக்கு எல்லாம் தெரியும்."

சாமி முக்காலியை விட்டு எழுந்தார்.

"வந்தவங்க காதுல விழக் கூடாதுன்னுதான் டிவியை வச்சிருக்கா. அதுக்குப் போய் அவளைத் திட்டியிருக்கேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அறுபது தாண்டிய மனுஷர் அப்படி அழுததை நான் கண்டதில்லை. அறைய நினைத்த கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் குடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி தலையைத் தூக்கினார்.

"நேத்து சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா வந்தாங்க சாமி. நான் உள்ள இருந்தேன்."

"ம்."

"டிவி கேட்டுது. சத்தமா. அம்மா செத்து மாசம் ஆகலை, துக்க வீட்டுல டிவி என்னத்துக்குன்னு வெளிய வந்து சங்கரியைத் திட்டினேன்."

"அவ என்ன சொன்னா?"

"டிவியை அணைச்சுட்டு, காபி போடட்டுமாப்பான்னு கேட்டா."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.

"அவளுக்கும் கேட்டிருக்கு. அவகிட்ட நான் என்னன்னு சாமி சொல்ல?" என்றார் நல்லசிவம்.

சாமி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"யாரு வந்தாலும் இனிமே டிவி போட வேண்டாம்மான்னு சொல்லுங்க."