முடிச்சுப் போட்ட பெல்ட்

மலைப்பாதையில் கவிழ்ந்த லாரிகளை இழுத்து நிறுத்துவதில் ஒச்சம்மாளை மிஞ்ச போடிப் பக்கம் ஆள் கிடையாது. அவளிடம் தொழில் கற்க வந்த தவசி அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவளை ‘மாஸ்டர்’ என்பான். அவள் அவனை ‘அண்ணே’ என்பாள். இரண்டு பேருக்கும் அதில் குறை இல்லை.

தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒச்சம்மாள் இழுவை பெல்ட்டுகளைத் தரையில் விரிப்பாள். வெறுங்கையால் முனையிலிருந்து முனைவரை தடவிக்கொண்டே போவாள். ஓரத்தில் ஒரு வெட்டு, சூட்டில் உருகி இறுகிய ஒரு திட்டு, பிரிந்த ஒரு தையல். விரலில் ஏதாவது ஒன்று தட்டினால் போதும், அந்த பெல்ட்டை அரிவாளால் முழத் துண்டுகளாக நறுக்கிவிடுவாள்.

தவசிக்கு வயிறு எரியும்.

“ஏன் மாஸ்டர், விரற்கடை வெட்டுக்கு இம்புட்டு நீளத்தையும் பாழாக்கணுமா? தைச்சுக்கலாம்ல?”

“வெளியே தெரியிற நூலைத் தைக்கலாம். உள்ளே எத்தனை நூல் விட்டுருக்குன்னு யார் பாத்தா?”

“சரி, லாரிக்கு ஆகாது. இல்லாதப்பட்ட வெள்ளாமைச் சம்சாரி யாருக்காச்சும் கொடுத்தா புண்ணியமாப் போகும்.”

“லாரிக்காரன் உசிருக்கு ஆகாதது சம்சாரி உசிருக்கு ஆகுமா அண்ணே?”

“எதைக் கேட்டாலும் வக்கீல் மாதிரி ஒரு பேச்சு.”

ஒச்சம்மாள் சிரித்தாள். அரிவாள் நிற்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவள் துக்கம் கேட்க உசிலம்பட்டி போயிருந்தாள். அன்று தவசிதான் பெல்ட்டுகளைத் தடவிப் பார்த்தான். ஒன்றின் ஓரத்தில் வெட்டு இருந்தது. அரிவாளை எடுக்கப் போனவன், வாசலில் ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்தான்.

கீழத்தெரு வீரணன். முழங்கால்வரை சேறு.

“தவசி, டிராக்டர் வயலுக்குள்ள புதைஞ்சு போச்சுப்பா. பங்காளி வண்டியை வச்சு இழுத்துக்கிடுவேன். ஒரு பெல்ட்டு மட்டும் கொடேன்.”

மாஸ்டர் இல்லாத நேரத்தில் நல்ல பெல்ட்டை வெளியே கொடுக்க முடியாது. வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பவும் தவசிக்கு மனசு வரவில்லை. வெட்டு விழுந்த இடத்தை மடித்து உள்ளே வைத்து ஒரு முடிச்சுப் போட்டான். காலை ஊன்றி இறுக்கினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“வச்சுக்க. திருப்பித் தர வேணாம்.”

“மகராசனா இரு,” என்று வீரணன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

வெட்டைப் பற்றித் தவசி சொல்லவில்லை. கொடுக்கும்போது போய்க் குறையைச் சொல்வானேன் என்று நினைத்தான்.

அன்று மதியம் வீரணன் மனைவி சிலம்பாயி கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பங்காளி டிராக்டர் உறுமி முன்னே போனது. பெல்ட் விறைத்து, முடிச்சின் கழுத்தில் அறுந்தது. இறுகிக் கல்லாகியிருந்த முடிச்சோடு பாய்ந்த முனை அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

ஊரிலிருந்து திரும்பிய ஒச்சம்மாள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“எந்த பெல்ட்டு அண்ணே?”

தவசி சொன்னான். அவள் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குப் பேசியிருப்பான். இரக்கப்பட்டுத்தானே கொடுத்தேன், நான் என்ன விற்றேனா என்று கேட்டிருப்பான். அவள் திட்டவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலை வீரணன் வந்தான். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து அறுந்த பெல்ட்டின் இரண்டு துண்டுகளையும் எடுத்து வைத்தான். கழுவி, காயவைத்து, மடித்திருந்தான்.

“திருப்பித் தர வேணாம்னுதானே சொன்னேன்,” என்றான் தவசி.

“நீ பெரிய மனசுல சொல்லிட்ட. இரவல் பொருளை அழுக்கோட வச்சுக்கிட்டிருந்தா அவளுக்குப் பிடிக்காதுப்பா.” வீரணன் துண்டுகளைப் பார்க்காமல் பேசினான். “நான்தான் அவசரப்பட்டுட்டேன். பைய இழுடான்னு சொல்லியிருக்கணும். அவளைத் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கணும். நல்ல பெல்ட்டையும் கெடுத்து, அவளையும் கொன்னுட்டேன்.”

தவசி அந்தத் துண்டுகளை எடுத்து மூலையில் வைத்தான்.

“டிராக்டர் இன்னும் அங்கதான் கிடக்கு,” என்றான் வீரணன். “யாரும் கிட்டப் போக மாட்டேங்குறாங்க.”

ஒச்சம்மாள் எழுந்து வண்டியை எடுத்தாள்.

வயலுக்கு வந்ததும் அவள் வண்டியை மேட்டில் நிறுத்தினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை பெல்ட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு விரட்டினாள். புது பெல்ட்டை மாட்டச் சொன்னாள். தவசி மாட்டினான். அறுந்தாலும் பாயாமல் கீழே விழட்டும் என்று அதன் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டாள். பிறகு அங்குலம் அங்குலமாக இழுத்தாள். டிராக்டர் முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது.

வீரணன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பில் ஓரிடத்தில் குந்தி, ஈர மண்ணை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்ற பங்காளியிடம் அதையேதான் மறுபடியும் சொன்னான். “நான்தாண்டா. நான்தான் அவசரப்பட்டேன்.”

தவசி வண்டியின் மறைவுக்கு வந்தான்.

“இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது மாஸ்டர்? சிலம்பாயி எந்திரிச்சு வந்துருவாளா?”

“வர மாட்டா.”

“அந்த மனுசன் என்னை நல்லவன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. இருக்கிற துக்கம் போதாதுன்னு அதையும் பிடுங்கணுமா?”

ஒச்சம்மாள் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏதாச்சும் பேசுங்க மாஸ்டர். எதுக்கெடுத்தாலும் பேசுவீங்கள்ல?”

அவள் பெல்ட்டைச் சுருட்டினாள். தவசியின் கண் நிறைந்துவிட்டது.

“சரி, நீங்களே சொல்லிருங்க. உங்களுக்குப் பக்குவமாச் சொல்ல வரும். என்னால அவர் முகத்தைப் பாக்க முடியலை.”

ஒச்சம்மாள் கைச்சேற்றைத் துடைத்துக்கொண்டு வரப்பைப் பார்த்தாள்.

“டிராக்டரை நான் இழுத்துட்டேன் அண்ணே. அந்தா, ஒருத்தர் இன்னும் உள்ளேயே கிடக்காரு. அவரை என்னால இழுக்க முடியாது. முடிச்சுப் போட்ட கைதான் இழுக்கணும்.”