ஓரா மீனின் காவல்

கடல் அலையடிக்கப் பழகிய புதுசில், கண்ணுகளா, மன்னார்க் கடலடியில் ஒரு பவளப்பாறை இருந்தது. மேலிருந்து இறங்கிய வெயில் காயப்போட்ட மஞ்சள் சேலை மாதிரி தண்ணீருக்குள் அசைந்துகொண்டே இருக்கும். அங்கே புள்ளியாள், வரியன் என்று ஓர் ஓரா மீன் சோடி குடித்தனம் நடத்தியது.

ஓரா மீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாசி இருப்பது பவளப் பொந்துக்குள். ஒன்று தலையை உள்ளே விட்டுத் தின்னும். அப்போது அதற்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. அதனால் மற்றது வெளியே காவல் நிற்கும். பிறகு முறை மாறும்.

பக்கத்து இடுக்கில் ஒரு களவா மீன். வாய் என்றால் குடம் மாதிரி வாய்! புள்ளியாள் காவல் நிற்கும்போது மெல்ல மிதந்து வந்தது.

முதல் நாள், "என்ன தங்கச்சி, வெறும் வயித்தோட நிக்கிற?" என்றது.

"என் முறை வரும். நீ உன் சோலியப் பாரு," என்றாள் புள்ளியாள்.

இரண்டாம் நாள், "உள்ள இளம்பாசியாமே? உனக்குக் கரட்டுப் பாசிதான் மிஞ்சும்போல," என்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வயிறு கேட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள் அது ஒன்றுமே சொல்லவில்லை. அவளைப் பார்த்தது, பொந்தைப் பார்த்தது, சிரித்துக்கொண்டே பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

புள்ளியாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தலையைப் பொந்துக்குள் விட்டாள். உள்ளே வரியன் தினமும் தின்கிற அதே கரட்டுப் பாசியைத்தான் மென்றுகொண்டிருந்தான்.

"பசிக்குதா புள்ள? நீ தின்னு, நான் நிக்கிறேன்," என்று பின்னால் நகர்ந்தான்.

தண்ணீர் ஒரு குலுங்கு குலுங்கியது. களவா அவன் வாலைக் கவ்விவிட்டது!

வரியன் விஷமுள்ள முதுகு முள்ளை விரித்தான். தேள் கொட்டின மாதிரி கடுக்க, களவா அவனைத் துப்பிவிட்டு ஓடியது. வரியன் உயிர் பிழைத்தான், வாலில் பாதி போச்சு.

மூன்று நாள் புள்ளியாள் பாசி பிய்த்துவந்து ஊட்டினாள். நாலாம் நாள் வரியன், "போய்த் தின்னு, நான் நிக்கிறேன்," என்றான்.

"என் மேல கோவம் இல்லையா?"

"நிறைய இருக்கு. அதுக்காகக் காவல விட முடியுமா?"

புள்ளியாள் கூச்சத்தோடு தலையைப் பொந்துக்குள் விட்டாள். வயிறு நிறைகிறவரைக்கும் ஒரு தடவைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

காவலுக்கு நிற்கிறவர் தன் ஆளையே சந்தேகப்பட்டுத் திரும்புகிற அந்த ஒரு நொடி போதும், பகைவன் உள்ளே வர.