சொர்ணத்தம்மாளின் வெறும் வயிறு

வைரவன் பல வருடங்கள் கிராமத்து சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்துவிட்டு, மயக்க மருத்துவம் படிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஹசீனா அவரைவிட இளையவர். ஹசீனா அவரை "சார்" என்பார். அவர் ஹசீனாவை "மேடம்" என்பார்.

ஒரு காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைரவன் கேட்டார்.

"வயசானவங்க எல்லாருக்கும் வயித்தை ஸ்கேன் பண்ணிப் பாக்குறீங்களே மேடம். எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டாப் போதாதா?"

ஹசீனா ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே சொர்ணத்தம்மாள் படுத்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. முந்தின நாள் விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவருக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் பிழைப்பது கடினம்.

"ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்றார் வைரவன்.

"நேத்து மதியத்துக்கு அப்புறம் பச்சத்தண்ணி பல்லுல படலை ஐயா."

வைரவன் ஹசீனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சின்னதாக ஒரு வெற்றி இருந்தது.

ஹசீனா கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். மேல்வயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் முனையை வைத்தார்.

"யம்மா, சில்லுனு இருக்கு தாயி!"

"கொஞ்ச நேரம்தான்மா."

திரையில் ஒரு இருட்டு விரிந்தது. இருட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின. மழை விட்ட இரவின் வானம் போல இருந்தது. சொர்ணத்தம்மாள் மூச்சு விடும்போதெல்லாம் அந்த வானம் மெல்ல ஏறி இறங்கியது.

வைரவன் கிட்டே வந்தார். வெறும் வயிறு என்றால் அதன் சுவர்கள் ஒட்டிக் கிடக்க வேண்டும். இது நிறைந்திருந்தது.

காபியைச் சாப்பாட்டில் சேர்க்காத நோயாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"காலையில காபி குடிச்சீங்களா? மருமக குடுத்தாங்களா?"

"அவளா? நான் நடமாடுன காலத்துலயே ரெண்டு தரம் கேட்டாத்தான் குடுப்பா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். வைரவன் சிரிக்கவில்லை.

"மறைக்காதீங்கம்மா. மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுதேனா?" சொர்ணத்தம்மாள் தலையைத் தூக்கினார். "கல்யாணமான வருஷத்துல இருந்து சஷ்டி விரதம் இருக்கவ நான். ஒரு ராத்திரி பட்டினி கிடக்க மாட்டேனா?"

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹசீனா குனிந்தார். "நேத்து எப்பம்மா விழுந்தீங்க?"

"சாப்பிட்டுட்டுக் கை கழுவ எந்திரிச்சேன். தரையில மோர் சிந்திக் கிடந்திருக்கு. பாக்கலை."

ஹசீனா ஸ்கேன் முனையை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

"சுவரைப் பாருங்க சார்."

இரைப்பையின் சுவர் அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைத் தள்ள வேண்டும். வைரவன் பார்த்துக்கொண்டே நின்றார். எந்த அலையும் வரவில்லை.

"இது நேத்து மதியச் சாப்பாடா?" அவர் குரல் தானாகவே தணிந்திருந்தது.

"எலும்பு முறிஞ்ச வலியில வயிறு நின்னுபோச்சு. இந்த வயசுல அது திரும்ப வேலை செய்ய ரொம்ப நேரமாகும்."

வைரவனால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வெளியே ஒரு இரவு போய் விடிந்தும் விட்டது. உள்ளே இன்னும் நேற்று மதியமாகவே இருந்தது.

"நானா இருந்தா மயக்கம் குடுத்திருப்பேன் மேடம்."

ஹசீனா ஜெல்லைத் துடைத்தார். "ஆபரேஷன் இப்ப வேண்டாம். மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தைக் காலி பண்ணிட்டுத் திரும்பப் பாக்கலாம்."

"குழாய் எடுத்துட்டு வரட்டுமா?"

"அது நர்ஸ் எடுத்துட்டு வருவாங்க. நீங்க அந்தப் பக்கம் போங்க. அவங்க முகம் இருக்கிற பக்கம்."

"போய் என்ன சொல்லட்டும் மேடம்?"

"அவங்க ஒண்ணுமே சாப்பிடலைன்னு சொல்லுங்க சார்."