தூசிக்குப் போட்ட ஐந்து தையல்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்று ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். நான்கு ஓட்டு அறைகள், ஒரு சமையல்கட்டு, ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் முருங்கையும் நாவலும். அவ்வளவுதான். அங்கிருந்த ஆசிரியைக்கு வயது நாற்பத்தைந்து. எல்லோரும் அவரை அம்மை என்றார்கள். அவர் சொற்பொழிவு செய்வதில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் இல்லை.

அவருடைய சீடர்களில் தங்கமாயனுக்குத்தான் வயது அதிகம். அம்மையைவிடப் பதினாறு வருடம் மூத்தவர். முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழியின் மேல்கூட ஏற்றியதில்லை என்று கேடயம் வாங்கியவர். கேடயத்தை அவர் ஆசிரமத்துக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் வந்த மூன்றாம் நாளே அப்படி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆசிரமத்தில் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதை அவர் ஓட்டினார். ஆசிரமத்தில் ஒரு நாயும் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய குட்டியாக வந்து, போகாமல் தங்கிவிட்ட நாய். மண் நிறம். தங்கமாயன் அதற்குத் தூசி என்று பேர் வைத்தார். தூசிக்குச் சோறு வைக்காமல் அவர் தட்டில் கை வைப்பதில்லை.

வெயில் ஏறினால் தூசி ஜீப்பின் பின்சக்கரத்து நிழலில் படுத்துக்கொள்ளும். வண்டியை எடுக்குமுன் தங்கமாயன் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். தூசி எழுந்து, சோம்பல் முறித்து, தள்ளிப்போய்ப் படுக்கும். தினமும் இப்படித்தான்.

அந்தப் புதன்கிழமை அவர் தட்டவில்லை.

ஏன் என்று பிறகு பலமுறை யோசித்தார். அவசரம் எதுவும் இல்லை. மனதில் பாரம் எதுவும் இல்லை. தட்டவில்லை, அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தார், பின்னால் எடுத்தார். ஒரு முழம்கூடப் போகவில்லை. அலறல் கேட்டது.

குதித்து இறங்கினார். தூசி சக்கரத்துக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. முன்காலில் ரத்தம். அவர் அதை வாரி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

சமையல்கட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரமத்தில் சமையல் பார்த்த குருவம்மாவுக்கு நாயின் அலறல் மட்டும்தான் கேட்டது. மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"ஐயோ! என்னண்ணே ஆச்சு?"

அதே நேரம் பால் ஊற்றிவிட்டுப் போன சுருளியின் பைக் வாசலைத் தாண்டி மண்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் இன்னும் காதில் விழுந்தது.

"சுருளி வண்டி" என்றார் தங்கமாயன்.

இரண்டே வார்த்தை. அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கச் சில நொடிகள் இருந்தன. அந்த நொடிகள் போய்விட்டன.

"நிக்காமயா போறான்? பாவி!" குருவம்மா முந்தானையைக் கிழித்துக் காலில் சுற்றினாள். "ஜீப்பை எடுங்கண்ணே!"

"கை நடுங்குது, தாயி. ஆட்டோ கூப்பிடு."

ஆட்டோ வந்ததும் தூசியை அணைத்தபடியே ஏறினார்.

டவுனில் இருந்த மாட்டு டாக்டர் தூசியை மேசையில் கிடத்தித் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. தொடையில் ஐந்து தையல் போட்டார். முன்காலில் சிராய்ப்புதான், மருந்து வைத்துக் கட்டினார்.

"பெரிய அடி இல்ல. பத்து நாள்ல ஓடும். நக்க விடாதீங்க, தண்ணி படக் கூடாது. என்ன வண்டி?"

"பைக்."

டாக்டர் தொடையைச் சுற்றியிருந்த கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது.

"பைக்கா?"

தங்கமாயன் தூசியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை சுருளி பால் கேனோடு வந்தபோது குருவம்மா வாசலை மறித்து நின்றாள்.

"நாயை அடிச்சுப்போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனியே, நீயெல்லாம் மனுசனா?"

"யாரு? நானா? என்னக்கா சொல்ற?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"சத்தியமா இல்லக்கா. என் வண்டி பட்டிருந்தா நானே தூக்கிட்டு வந்திருக்க மாட்டேனா? நான் பாத்து வளந்த குட்டிக்கா அது."

"இனிமே உன் பாலு வேண்டாம். போ."

"டிரைவரண்ணே!" சுருளி உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே!"

தங்கமாயன் கொட்டகைக்குள் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச்சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். அது நன்றாகக் கலந்த பிறகும் பிசைந்தார். பைக் கிளம்பிப் போகும்வரை பிசைந்தார்.

பிறகு அவர் வேறு வேலையே பார்க்கவில்லை. பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி நீக்கி, தையலை நக்காதபடி தூசியின் கழுத்தில் மாட்டினார். அதோடு நடக்கத் தெரியாமல் தூசி கதவு நிலைகளில் எல்லாம் இடித்துக்கொண்டது. அதன் கூடவே அலைந்து திருப்பிவிட்டார். வேளைக்கு மாத்திரை, வேளைக்குப் பவுடர். மூன்று காலில் அது வெளியே போகும்போது பின்னங்காலுக்குத் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார். காலைத் தியானத்துக்கு வரவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை.

"பெத்த பிள்ளையைக்கூட இப்படி யாரும் பாக்க மாட்டாங்கண்ணே" என்றாள் குருவம்மா.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூசி அவர் மடியில்தான் தலை வைத்துப் படுத்தது. முன்பைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டது. அதன் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஜீப் கொட்டகையிலேயே நின்றது. பேட்டரி சரியில்லை என்று சொல்லியிருந்தார்.

ஆறாம் நாள் காலை அம்மை அவர் முன் வந்து நின்றார்.

"டவுன் வரைக்கும் போகணும். வண்டியை எடுங்கண்ணே."

"பேட்டரி..."

"எடுத்துத்தான் பாப்போமே."

அம்மை ஏறி உட்கார்ந்துவிட்டார். தங்கமாயன் சாவியைத் திருகினார். ஜீப் முதல் திருகலிலேயே உறுமியது.

சமையல்கட்டு வாசலில் படுத்திருந்த தூசி துள்ளி எழுந்தது. கழுத்து வாளி கல்லில் மோத, சுவரில் மோத, தையல் போட்ட காலை இழுத்துக்கொண்டு ஓடியது. அம்மிக்கும் சுவருக்கும் இடையில் தன்னைத் திணித்துக்கொண்டது. அதன் அடியில் ஈரம் பரவியது.

"என்னடா இது, இப்படி நடுங்குது?" குருவம்மா குனிந்து பார்த்தாள். "தூசி, ஒண்ணுமில்லடா. வாடா."

தங்கமாயன் எஞ்சினை அணைத்தார். அமைதியானது. அப்போது மண்பாதையில் யாரோ ஒருவரின் பைக் படபடவென்று போனது.

தூசி காதைக்கூட அசைக்கவில்லை.

குருவம்மா கவனிக்கவில்லை. அவள் தரையைத் துடைக்கத் துணி தேடிப் போனாள். அம்மை தூசியைப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்தார்.

"போகலாமா?" என்றார்.

தங்கமாயன் இறங்கிப் பின்சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். பக்கத் தகரத்தில் தட்டினார். ஏறி வண்டியை எடுத்தார்.

மூன்று மைல் போனார்கள். அம்மையின் கைகள் மடியில் இருந்தன. தங்கமாயனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அம்மை திட்டியிருந்தால் அவர் அழுதிருப்பார். அம்மை வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒரு உயிருக்கு நம்மால ஒரு தீங்கு நடந்துருச்சு. வேணும்னு இல்ல, தெரியாம. அந்த உயிருக்கே ராப்பகலாப் பணிவிடை செஞ்சா அது தீருமா?"

"எந்த உயிருக்கு?" என்றார் அம்மை.

தங்கமாயன் நாய் என்று சொல்ல வாயெடுத்தார். வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. சுருளியின் ஊருக்குப் பிரியும் பாதைக்கருகில் ஜீப் நின்றுவிட்டது.

அம்மை இறங்கிக்கொண்டார்.

"நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார். நிழற்குடையை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கமாயன் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பேருந்து ஒன்று வந்து அம்மையை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அவர் வண்டியைத் திருப்பினார்.

சுருளி தொழுவத்தில் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தான். பால் கேன்கள் சுவரோரம் கவிழ்த்துக் கிடந்தன. ஜீப்பைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தான்.

"வாங்கண்ணே. தூசி எப்படி இருக்கு?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. வழியெல்லாம் கோத்துவைத்த சொற்கள் தங்கமாயனுக்கு மறந்துபோயின.

"நான்தான் ஏத்துனேன், சுருளி."

"என்னது?"

"ஜீப்ப. பின்னால எடுத்தேன். பாக்கல. குருவம்மா கேட்டப்ப உம் பேரைச் சொல்லிட்டேன்."

சுருளி அவரையே பார்த்தான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம் பொண்டாட்டியே நம்பலண்ணே" என்றான் மெதுவாக. "'நீ வேகமாத்தான் போவ, இடிச்சது தெரிஞ்சிருக்காது'ன்னு சொல்றா. டீக்கடையில யாரும் முகம் குடுத்துப் பேசல. நாலு வீட்டுல பால் வேண்டாம்னுட்டாங்க. அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு. ஒருவேளை இடிச்சிருப்பேனோன்னு. டயர்ல மயிரு ஒட்டியிருக்கான்னு குப்புறப் படுத்துப் பாத்தேண்ணே. ரெண்டு நாளா வண்டியில ஏறவே பயந்து தள்ளிக்கிட்டே போனேன்."

தங்கமாயன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கையை இறக்குங்க" என்றான் சுருளி. இப்போது அவன் குரல் மாறியிருந்தது. "ஊருக்கெல்லாம் நான் குத்தவாளி. இங்க தொழுவத்துல வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? போங்கண்ணே. இதுக்கு மேல பேசுனா எதாச்சும் சொல்லிப்புடுவேன்."

தங்கமாயன் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் டிரைவரய்யா என்று எழுந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஜீப், பின்சக்கரம், சுருளி வண்டி என்று தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர், "முப்பத்திரண்டு வருசம்னீங்களே" என்றார். வேறொருவர் சிரித்தார். தங்கமாயன் அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்றுவிட்டு வெளியே வந்தார்.

பிறகு குருவம்மாவிடம் சொன்னார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தாளை எம் வாயால என்னெல்லாம் பேச வச்சுட்டீங்க" என்றாள். செருப்பைக்கூடப் போடாமல் சுருளி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அன்று மாலை தங்கமாயனுக்குத் தட்டு வந்தது, சோறும் வந்தது. அண்ணே என்ற சொல் மட்டும் வரவில்லை.

நாட்கள் அப்படியே போயின. தூசி நான்காவது காலை ஊன்ற ஆரம்பித்தது. தங்கமாயன் மாத்திரை கொடுத்தார், துண்டு பிடித்தார், தியானத்துக்கும் வந்தார். ஆனால் கண்ணை மூடினால் டீக்கடைச் சிரிப்பு கேட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. சுருளிதான். உள்ளே வரவில்லை. கேனைத் திண்டில் வைத்துவிட்டுக் குருவம்மாவுக்குக் குரல் கொடுத்தான். தூசி நொண்டியபடியே வாசலுக்குப் போய் வாளியோடு அவன் முழங்காலில் முட்டியது. அவன் உட்கார்ந்து அதன் தையலைப் பார்த்தான். காதைத் தடவிக்கொடுத்தான். பத்தடி தள்ளித் தங்கமாயன் நின்றுகொண்டிருந்தார். சுருளி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பத்தாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்தார். ஆசிரமத்துக்குத் திரும்பியதும் தங்கமாயன் வாளியைக் கழற்றினார். தூசி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. தழும்பை ஆசைதீர நக்கியது. பிறகு நாவல் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அம்மை மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தங்கமாயன் எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அம்மை."

"ம்."

"சொன்னா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறல. சுருளி இன்னும் என்னை மன்னிக்கல. முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கறான்."

"தூசி?"

"அது முதல் நாளே மன்னிச்சிருச்சு. வாயில்லாத ஜீவன்தானே, அம்மை. அதுக்கு இருக்குற மனசு மனுசனுக்கு இல்ல. சுருளி ஒரு வார்த்தை, 'போகட்டும்ண்ணே'ன்னு சொல்லிட்டான்னா எனக்குப் போதும். நான் புது மனுசனாயிருவேன்."

அம்மை ஒரு தண்டை முறித்துப் பழுத்த இலையைத் தனியே போட்டார்.

"முதல் நாளே மன்னிச்சிருச்சா?"

"ஆமா, அம்மை."

"அந்த மன்னிப்பை வாங்கி வச்சுக்கிட்டு, சுருளி பழி சுமந்த ஆறு நாளும் என்ன செஞ்சீங்க?"

தங்கமாயன் ஒரு பிடி கீரையைத் தன் பக்கம் இழுத்து ஆயத் தொடங்கினார்.