முதலில் பிரித்த கவர்

அரசாங்கம் கம்ப்யூட்டர் வாங்கினால், அதை முறைப்படிதான் வாங்கினார்களா என்று பார்க்கத் தனியாக ஆள் வருவார்கள், தெரியுமா உங்களுக்கு?

அப்படி வந்தவர் ஆமினா. தணிக்கை அதிகாரி. வயது முப்பதுதான். அவரிடம் வேலை பழக வந்த வேலாயுதத்துக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. வேறு துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"மேடம், முறை தப்பி வாங்கிருக்காங்கன்னு இதுக்குத் தணிக்கைத் தடை எழுதிரலாமா?" என்று வேலாயுதம் ஒரு ஃபைலை நீட்டினார்.

பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய ஃபைல். டெண்டரில் ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு கவர் தரும். பொருளின் தரத்தைச் சொல்லும் கவரை முதலில் பிரிக்க வேண்டும். அதில் தேறியவர்களின் விலைக் கவரைத்தான் பிறகு தொட வேண்டும். வாங்கும் அதிகாரி செண்பகவல்லி, கவனம் பிசகி விலைக் கவர்களை முதலில் பிரித்துவிட்டார். உடனே டெண்டரையே ரத்து செய்து, மறுபடி புதிதாக விட்டுத்தான் வாங்கினார்.

"பிள்ளைங்களுக்கு நாலு மாசம் தாமதம் மேடம். பிரிச்சது பிரிச்சாச்சு, அப்படியே தரத்தையும் பார்த்து முடிச்சிருக்கலாம்ல?"

செண்பகவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. தடை ஒன்று விழுந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும்.

ஆமினா மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு பள்ளிக்கூடப் பைகளை எடுத்து வைத்தார்.

"என் பொண்ணுக்கு வாங்கினேன் சார். ஒண்ணைத் திருப்பிக் கொடுக்கணும். இது முந்நூறு, அது எழுநூறு. எது உழைக்கும்?"

"இதுவே போதும் மேடம்." முந்நூறு ரூபாய்ப் பையைத் தட்டினார் வேலாயுதம்.

"ஜிப்பைக்கூட இழுத்துப் பார்க்கலையே."

சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"விலையைச் சொன்னது என் தப்பு. அதை மறந்துட்டு இன்னொரு தடவை பாருங்க."

அவர் இரண்டையும் திருப்பினார். தையலைத் தடவினார். கை மறுபடி அதே பைக்குத்தான் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எப்படி மேடம் மறக்கிறது? காதுல விழுந்துருச்சே."

ஆமினா ஃபைலை அவர் பக்கம் நகர்த்தினார்.

வேலாயுதம் டெண்டரை ரத்து செய்த பக்கத்தைப் புரட்டினார்.

"இருந்தாலும், பிரிச்சது தப்புதானே?"

"தப்புதான். அன்னிக்கே அந்தம்மாவே அதை எல்லாக் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிச்சுட்டாங்க. நாம கண்டுபிடிக்க என்ன மிச்சம் வச்சாங்க? நீங்களே போய்ச் சொல்லிருங்க சார்."

வேலாயுதம் வெளியே வந்தார். "தடை எதுவும் இல்லம்மா."

செண்பகவல்லி எழுந்தார்.

"கொஞ்சம் தண்ணி கொடுங்க சார்" என்றார்.