சுக்கானை அண்டவிடாத எண்ணெய்

படகு முதலாளி குருசுமுத்து சம்மாட்டி தன் சின்னப் பாய்மரப் படகைத் தானேதான் ஓட்டுவார். கரைக்குத் திரும்பும்போதெல்லாம் மரச் சுக்கானைப் பாறையில் மோதிப் பிளப்பார். பழி மட்டும் சுக்கான் செய்த வேலாண்டி ஆசாரிக்கு.

படகுப் பந்தயம் நெருங்கும் நேரத்தில் சுக்கான் மறுபடியும் பிளந்தது.

"ஆசாரி, சுக்கானைக் கெடுக்கிற எதுவும் இனிமே அதை அண்டக் கூடாது! அண்டுச்சுன்னா, இந்தக் கரையில நீ உளியைத் தொட முடியாது!" என்று ஊர் கேட்கக் கத்தினார் சம்மாட்டி.

"சரிங்க சம்மாட்டி."

ஆசாரி பிளவை ஒட்டி, செப்புத் தகடு அடித்து, புழு அரிக்காமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்.

பந்தயத்தன்று சம்மாட்டி படகில் ஏறி, மீசையை முறுக்கிக்கொண்டு சுக்கான் பிடிக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! எண்ணெய் காயல. கை வெந்து தோல் உரிஞ்சிடும்."

"புழு அரிக்கிறது தண்ணிக்குள்ள இருக்கிற கட்டையைத்தானே? பிடியில எதுக்குய்யா பூசினே?"

"கட்டையில பூசினது புழு அண்டாம இருக்க. பிடியில பூசினது நீங்க அண்டாம இருக்க."

கரையே சிரித்தது. சம்மாட்டி இறங்க, அவர் மச்சினன் கித்தேரியான், ஆசாரி கண்சாடை காட்டவும் ஏறிப் படகை ஓட்டினான். திரும்பி வந்தபோது சுக்கானில் ஒரு கீறல் இல்லை. கித்தேரியான் கையிலும் இல்லை.

பிடியில் ஆசாரி பூசியிருந்தது வெறும் நல்லெண்ணெய்.